பீச் திறந்திருக்கும், பார் மூடியிருக்கும்: பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பட்டாயா கணக்கு

ஜிஎஸ்டி சாலையில் பல்லாவரத்தில் தொடங்கி குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வரை டிராவல்ஸ் கடைகளின் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், திருப்பதிக்கும் காசிக்கும் பக்கத்திலேயே ஒரு பெயர் தவறாமல் வரும்: பாங்காக் - பட்டாயா. நான்கு இரவு, ஐந்து பகல். காலை டிபன் சேர்த்து. சிமென்ட், பெயின்ட், டைல்ஸ் கம்பெனிகள் டார்கெட்டை முடித்த டீலர்களை அழைத்துப் போவதும் அங்கேதான். ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் பையன்கள் நண்பனின் கல்யாணத்துக்கு முன்னால் கூட்டமாகக் கிளம்புவதும் பெரும்பாலும் அங்கேதான். ஏலச்சீட்டை எடுத்த கையோடு 'நாலு பேரா போய்ட்டு வந்துடலாம்டா' என்று முடிவாகும் பயணங்களும் உண்டு.

காரணம் எளிது. தாம்பரத்திலிருந்து திரிசூலத்துக்கு மின்சார ரயிலில் 5 ரூபாய். அங்கிருந்து சாலையைக் கடந்தால் விமான நிலையம். பாங்காக் போக ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இறங்கி பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் பட்டாயா. பகலில் கடற்கரை, படகு, கோ லான் தீவு. இரவில் பார்கள் வரிசைகட்டி நிற்கும் வாக்கிங் ஸ்ட்ரீட். எதற்காகப் போகிறார்கள் என்பதை மூடி மறைத்து எழுதுவதில் பயனில்லை. இது வயது வந்தவர்களின் பயணம், சொந்தப் பணம். ஆனால் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

சாதாரண நாளில் இந்தக் கணக்கு ஒரு வெள்ளைத்தாளில் முடிந்துவிடும். பெருந்தொற்று வந்தால் தலைகீழாகிவிடும். 2020 முதல் 2022 வரை அதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2025 மே மாதம், சோங்கிரான் எனும் தாய் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு தாய்லாந்தில் கொரோனா எண்ணிக்கை மறுபடி ஏறியபோது, 'இப்ப போகலாமா, வேண்டாமா?' என்ற கேள்வி திரும்பவும் எழுந்தது. அந்த முறை கட்டுப்பாடு எதுவும் வரவில்லை. அடுத்த முறை வந்தால் எங்கே பணம் போகும் என்பதைப் பழைய கணக்கே சொல்லும்.

எதற்காகப் போகிறோமோ, அதுதான் முதலில் மூடும்

2020 மார்ச் 23 அன்று இந்தியா வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தியது. அவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27-ல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் சிறப்பு விமானங்கள், இரு நாட்டு ஒப்பந்தத்தில் பறந்த 'ஏர் பபிள்' விமானங்கள் ஆகியவைதான். சீட் குறைவு, கட்டணத்துக்குப் பிடிமானம் இல்லை.

தாய்லாந்து தன் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2021 ஜூலை 1-ல் 'புக்கெட் சாண்ட்பாக்ஸ்' வந்தது: தடுப்பூசி போட்டவர்கள் தீவுக்குள் நடமாடலாம், குறிப்பிட்ட நாட்கள் முடியும்வரை வெளியே போகக் கூடாது. 2021 நவம்பர் 1-ல் 'டெஸ்ட் அண்ட் கோ': இறங்கிய அன்று பரிசோதனை, ஓர் இரவு அறைக்குள், நெகட்டிவ் என்றால் எங்கும் போகலாம். ஓமிக்ரான் வந்ததும் டிசம்பர் 22-ல் புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். 2022 பிப்ரவரி 1-ல் மீண்டும் திறந்தார்கள். ஏப்ரல் 1-ல் கிளம்பும் முன் எடுக்க வேண்டிய பரிசோதனை போனது. மே 1-ல் 'டெஸ்ட் அண்ட் கோ' போனது. ஜூலை 1-ல் 'தாய்லாந்து பாஸ்' என்ற முன்பதிவே போனது.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு தேதியையும் வைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரலில் தாய்லாந்தின் மூன்றாவது அலை பாங்காக்கின் தோங்லோ பகுதி இரவு விடுதிகளில் வெடித்தது. உடனே பார், பப், கரோக்கி எல்லாம் மூடப்பட்டன. அவற்றுக்கு முறைப்படி மறுபடி அனுமதி கிடைத்தது 2022 ஜூன் 1-ல், அதுவும் எல்லா மாகாணங்களிலும் அல்ல. அதாவது புக்கெட் கடற்கரை வெளிநாட்டவருக்குத் திறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் பார் திறந்தது. நடுவில் பல பார்கள் உணவகம் என்று அனுமதி வாங்கி, நாலு மேசை போட்டு, இரவு 9 மணி வரை, பிறகு 11 மணி வரை மது ஊற்றின.

மூடிய அறை, உரத்த இசை, காதருகில் வாய் வைத்துப் பேசுவது, முகக்கவசம் இல்லாமை. வைரஸ் இதைவிட வசதியான இடத்தைக் கேட்காது. 2020 மே மாதம் சியோலின் இடேவான் இரவு விடுதிகளிலும் இதுவே நடந்தது. எனவே இரவு வாழ்க்கைக்காகப் போகிறவருக்குப் பெருந்தொற்றில் வாய்ப்பது விசித்திரமான பேரம்: பயணச் செலவு உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் அவர் தேடிப்போகும் சரக்கு கடையில் இருக்காது. 2022 பிப்ரவரியில் போனவர் பரிசோதனைக்கும் காப்பீட்டுக்கும் கொட்டிக் கொடுத்துவிட்டு 11 மணிக்கு அறைக்குத் திரும்பினார். ஜூலையில் போனவருக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை, வாக்கிங் ஸ்ட்ரீட்டும் திறந்திருந்தது. ஐந்து மாதப் பொறுமையை மிஞ்சிய தள்ளுபடி எந்த டிராவல்ஸிலும் கிடைத்திருக்காது.

உள்ளே நுழையவே ஒரு செலவு

'டெஸ்ட் அண்ட் கோ' காலத்தில் பேக்கேஜ் பலகையில் எழுதாத செலவுகள் இருந்தன. முதல் இரவுக்கு அரசு அங்கீகரித்த ஹோட்டல், விமான நிலையத்திலிருந்து அவர்கள் வண்டி, ஆர்டி-பிசிஆர் பரிசோதனை, இவை மூன்றும் சேர்த்து முன்பணமாகக் கட்டியிருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் ஐந்தாம் நாளுக்கு இரண்டாவது பரிசோதனையும் சேர்ந்தது. மார்ச்சில் அதை நாமே செய்துகொள்ளும் ஆன்டிஜென் பரிசோதனையாக மாற்றினார்கள்.

மருத்துவக் காப்பீடு 2021 நவம்பரில் 50,000 டாலருக்குக் கேட்டார்கள். 2022 மார்ச் 1-ல் அது 20,000 ஆனது, மே 1-ல் 10,000. பிரீமியம் பெரிய தொகை இல்லை. பாலிசியில் கொரோனா சேர்ந்திருக்கிறதா, அறிகுறியே இல்லாமல் பாசிட்டிவ் ஆனவரைத் தனிமைப்படுத்தும் ஹோட்டல் வாடகைக்குப் பணம் தருவார்களா என்பதுதான் பெரிய கேள்வி. சிகிச்சைச் செலவு வேறு, தனிமைச் செலவு வேறு என்று பிரித்து, இரண்டாவதுக்குக் கையை விரிக்கும் பாலிசிகள் இருந்தன. வாங்கும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்திருந்தால் பலருக்குக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

தடுப்பூசிச் சான்றிதழும் பணத்தோடு சேர்ந்த விஷயம்தான். கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணை இணைக்க வேண்டியிருந்தது, பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டியிருந்தது. நம் ஊர் இன்ஷியல் இங்கேயும் படுத்தி எடுத்தது. கோவேக்சின் போட்டவர்களோ உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3-ல் ஒப்புதல் தரும்வரை காத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போதும் செலவு இருந்தது. 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர், இந்திய அரசின் ஏர் சுவிதா தளத்தில் சுய உறுதிமொழி. 2022 ஜனவரி 11 முதல் பிப்ரவரி 13 வரை வந்து இறங்கிய எல்லோருக்கும் ஏழு நாள் வீட்டுத் தனிமை. சோழிங்கநல்லூர் ஐடி ஊழியருக்கு அது வீட்டிலிருந்தே வேலை. நயா பைசா நஷ்டமில்லை. குரோம்பேட்டையில் தனியாளாக மொபைல் கடை நடத்துபவருக்கு அது ஒரு வாரக் கடையடைப்பு. ஒரே விமானத்தில் பக்கத்து சீட்டில் வந்த இருவருக்கும் ஒரே பட்ஜெட் இருக்க முடியாது. ஏர் சுவிதா 2022 நவம்பரில் கைவிடப்பட்டதும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் சீனா, ஜப்பான், சிங்கப்பூர் உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து வருபவர்களுக்கு அது மறுபடி வந்தது. அந்த ஆறில் தாய்லாந்தும் ஒன்று. புத்தாண்டுக்குப் போனவர்கள் அங்கே கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே விதி மாறிவிட்டது.

அந்தப் பத்து நாள்

பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தாய்லாந்தில் அப்போது பாசிட்டிவ் வந்தால் ஏறக்குறைய பத்து நாள் மருத்துவமனையிலோ, மருத்துவமனை நடத்தும் ஹோட்டலிலோ, அனுமதி பெற்ற அறையிலோ அடைந்து கிடக்க வேண்டியிருந்தது. ஒரு பேச்சுக்குச் சிக்கனமாகவே கணக்குப் போடுவோம். அறைக்கு நாளொன்றுக்கு 1,500 பாத், சாப்பாட்டுக்கு 500 பாத் என்றால் பத்து நாளைக்கு 20,000 பாத். அப்போது ஒரு பாத் சுமார் 2 ரூபாய் 20 காசு. ஆக 44,000 ரூபாய். இதில் மருத்துவர், மருந்து, மறுபரிசோதனை, மாற்றிய டிக்கெட், ஊரில் போன சம்பளம் எதுவும் சேரவில்லை. இன்றைய பாத் விலைக்கு இன்னும் ஏறும்.

நாலு பேர் கேங் செய்யும் முதல் சிக்கனம் இரண்டு பேருக்கு ஓர் அறை. பெருந்தொற்றில் அதுதான் முதல் ஊதாரித்தனம். ஒருவருக்கு வந்தால் அறைத் தோழரும் 'நெருங்கிய தொடர்பு' கணக்கில் மாட்டுவார். தனி அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பதைக் காப்பீட்டுச் செலவாகவே எழுதிக்கொள்வது நல்லது.

மாட்டிக்கொள்வது தரையில் மட்டும் நடப்பதில்லை. 2022 ஜனவரி தொடக்கத்தில் மும்பையிலிருந்து கோவா போன கார்டீலியா சொகுசுக் கப்பலில் 66 பேருக்குத் தொற்று உறுதியாகி, சுமார் 2,000 பேருடன் கப்பல் மும்பைக்கே திரும்பியது.   

பயணமே ரத்தானால் பணம் திரும்புமா? ஊரடங்கு காலத்து டிக்கெட்டுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ல் தீர்ப்பளித்தது. ஊரடங்கு நாட்களில் அதே நாட்களுக்காக எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணம். அதற்கு முன் எடுத்தவற்றுக்குப் பணம் தர முடியாத நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை 'கிரெடிட் ஷெல்' தரலாம் என்றது. கிரெடிட் ஷெல் என்பது கையில் வராத பணம். பட்டாயா ஹோட்டலுக்குக் கட்டிய முன்பணத்தைப் பற்றியோ இந்தத் தீர்ப்பு பேசவே இல்லை.

ராத்திரி பில்

பகல் செலவு கட்டுக்குள் நிற்கும். பட்டாயாவில் 'பாத் பஸ்' எனும் திறந்த வண்டிக்கு 10 பாத், கோ லான் தீவுப் படகுக்கு 30 பாத் என்பதே பலகாலம் இருந்த கட்டணம். ராத்திரிதான் பிடிநழுவும். அதற்குச் சில வழிகள் உண்டு.

பீர் விலை பலகையில் இருக்கும். பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணுக்கு வாங்கித் தரும் 'லேடி டிரிங்க்' அதைவிட விலை கூடுதல். அதில் ஒரு பங்கு அவருக்குக் கமிஷன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீட்டு எழுதி உங்கள் முன்னால் உள்ள சிறு குவளையில் சொருகுவார்கள். அந்தச் சீட்டைச் சுற்றுக்குச் சுற்று பார்ப்பவர் தப்புவார், கடைசியில் மொத்தமாகப் பார்ப்பவர் அழுவார். கூரையில் தொங்கும் மணியை விளையாட்டாக அடித்துவிடாதீர்கள்: மணி அடித்தால் கடையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு சுற்று உங்கள் செலவு என்று அர்த்தம். பாங்காக் பத்போங்கில் 'ஷோ இலவசம்' என்று மாடிக்கு அழைத்துப் போய், இறங்கும்போது ஆயிரக்கணக்கில் பில் நீட்டி வாசலை மறிப்பது பழைய வித்தை. சுற்றுலா போலீஸ் எண் 1155.

பட்ஜெட்டில் வராத விஷயம் ஒன்று உண்டு. தாய்லாந்தில் பாலியல் தொழில் கண்டும் காணாமல் விடப்படுகிறதே தவிர, 1996-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் கடும் தண்டனை. அந்த பார்களில் வேலை செய்யும் பெண்கள் பலர் நாட்டின் ஏழ்மையான வடகிழக்கு, ஈசான் பகுதியிலிருந்து வந்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர்கள். பார்கள் மூடிய மாதங்களில் அவர்கள் தொழில் எந்தக் கணக்கிலும் இல்லாததால் அரசு நிவாரணமும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. விலை குறைந்திருக்கிறதே என்று பெருந்தொற்றில் பேரம் பேசப் போகிறவர் யாருடைய பசியில் பேரம் பேசுகிறார் என்பதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

தொற்று என்றால் கொரோனா மட்டுமில்லை. இதைத் தாம்பரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம் மருத்துவமனைதான் எச்ஐவி சிகிச்சையிலும் நாட்டின் பெரிய மையங்களில் ஒன்றானது. அரசின் இலவச ஏஆர்டி சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கிய முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. ஆணுறை பட்ஜெட்டின் மிகச் சிறிய தொகை. தவறிவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். விடுமுறை முடியட்டும், ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியம்.

வாடகை ஸ்கூட்டருக்கு வருவோம். பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கே ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய். அது இல்லாமலோ, குடித்துவிட்டோ விழுந்தால் பெரும்பாலான பயணக் காப்பீடு செல்லாது. மின் சிகரெட்டை எடுத்துப் போகாதீர்கள். அங்கே அதன் இறக்குமதிக்குத் தடை. கஞ்சாவை 2022 ஜூன் 9-ல் தாய்லாந்து போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025-ல் மறுபடி இறுக்கியது. அங்கே என்ன விதியானாலும், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நம் சட்டம்தான். பாங்காக்கிலிருந்து வரும் உயர்ரகக் கஞ்சாவைச் சென்னை சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது. 'டிக்கெட் ஃப்ரீ, ஒரு பை மட்டும் கொண்டுவா' என்று யாராவது சொன்னால் அந்தப் பயணத்தின் விலை புழல் சிறை.

வரி, கமிஷன், ஒரு பொய்

வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு முன்கூட்டியே வருமான வரி பிடிக்கும் டிசிஎஸ் முறை பெருந்தொற்றின் நடுவில்தான், 2020 அக்டோபர் 1-ல் வந்தது. அப்போது 5 சதவீதம். 60,000 ரூபாய் பேக்கேஜுக்கு சுமார் 3,000 ரூபாய். ஜிஎஸ்டி தனி. டிசிஎஸ் பணம் போன பணமில்லை; வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். 'நமக்குத்தான் வரியே கிடையாதே' என்று தாக்கல் செய்யாதவர்கள் அதை அரசுக்கே விட்டுவிடுகிறார்கள். விகிதம் அதன் பிறகு மாறியிருக்கிறது. பணம் கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டை மட்டும் தனியாக எடுத்தால் அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் இல்லை.

கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் கூடுதலும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும். 40,000 ரூபாய்க்கு 1,652 ரூபாய். தாய்லாந்து ஏடிஎம் அந்நாளில் ஒவ்வொரு முறைக்கும் 220 பாத் எடுத்தது. குடித்த நிலையில் இரண்டாயிரம் இரண்டாயிரமாக எடுப்பவர் ஒவ்வொரு முறையும் 11 சதவீதம் கட்டணம் கட்டினார். கந்துவட்டிக்காரருக்கே கூச்சமாக இருக்கும். ராத்திரிச் செலவை நாளுக்கு ஒரு கவராக ரொக்கமாகப் பிரித்து, அன்றைய கவரை மட்டும் எடுத்துக்கொண்டு, கார்டை அறை லாக்கரில் பூட்டிவிட்டுப் போவதே நான் கேட்டதில் உருப்படியான யோசனை.

பொய்க்கும் ஒரு விலை இருக்கிறது. வீட்டில் 'கோவா' என்றும் 'டீலர் மீட்டிங்' என்றும் சொல்லிவிட்டுப் போவது ஊரறிந்த ரகசியம். முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கத்தைக் கிழித்து, மும்பை விமான நிலையத்தில் கைதான கணவர்கள் உண்டு. 2022-ல் ஒருவர் மாலத்தீவுப் பயணத்தை மறைக்க அப்படிச் செய்தார், 2025-ல் ஒருவர் பாங்காக்கை மறைக்க. பெருந்தொற்றிலோ கிழிக்கவே தேவையில்லை. பாசிட்டிவ் வந்து பத்து நாள் அடைபட்டால் 'டீலர் மீட்டிங்' அதற்குமேல் நீளாது. மருத்துவமனைக்கு அவசரப் பணம் அனுப்பவும், காப்பீட்டு நிறுவனத்தோடு பேசவும் ஊரில் ஒருவருக்காவது உண்மையான விலாசம் தெரிந்திருக்க வேண்டும். மனைவியிடம் சொல்ல முடியாத பயணம் என்றால் குறைந்தது மச்சானிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்த தொற்று எப்போது, என்ன பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகும் ஜிஎஸ்டி சாலைப் பலகைகள் மாறப்போவதில்லை. அப்போது டிராவல்ஸ்காரரிடம் விலை கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அங்கே பார் எத்தனை மணிக்கு மூடுகிறது? பாசிட்டிவ் வந்தால் பத்து நாள் அறை வாடகை யார் தருவார்கள்? விமானம் ரத்தானால் பணமாகத் திருப்புவீர்களா, கிரெடிட்டாகவா? பதிலை போனில் கேட்டு விட்டுவிடாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்று பதில் வந்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.